வாங்கில் இருக்கிற பொடியளுக்கும் ஒரு கணக்கு வையுங்கள்

வன்னியின் விளையாட்டுக் கழக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நான் மூன்று வருடம் உதைபந்தாட்ட அணியில் மாற்று ஆட்டக்காரனாக வாங்கில் இருந்தவன். கழகத்தின் பெயர் வேண்டாம். இறுதிப்போட்டி அன்று காலை வெளியூரிலிருந்து வான் ஒன்றில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். கனடாவிலிருந்து வந்த காசு அவர்களுக்குப் போனது. தண்ணீர்ப் போத்தல் எங்கள் கைக்கு வந்தது. கோப்பை கிடைத்தது, வந்தவர்களில் ஒருவன் அருமையான ஆட்டக்காரன், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அடுத்த வருடம் எங்கள் கோல் காப்பாளரின் கை முறிந்தபோது இறக்க ஆளில்லை. வாங்கில் இருந்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் வயலில் அருவி வெட்டுக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போய்விட்டார்கள்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தைக் கைபேசியில் பார்க்கிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. எல்லோருக்கும் நட்சத்திரங்களின் பேச்சுத்தான். எனக்குக் கண் போவது வாங்கின் கடைசிக் கதிரைக்கு. 2017இல் அங்கே இருவழி ஒப்பந்தம் என்று ஒன்று வந்தது. அதில் சேர்கிறவன் பெரிய அணிக்கும் அதன் கீழுள்ள ஜி லீக் என்ற வளர்ப்பு லீக் அணிக்கும் இடையில் போய் வருவான். புதுமுக வீரருக்குரிய ஆகக்குறைந்த சம்பளத்தில் பாதி அவனுக்கு. வழமையான 15 பேரைத் தவிர இப்படி மூன்று பேரை ஓர் அணி வைத்திருக்கலாம்.

மயாமி அணியைப் பாருங்கள். ஒரு கழகம் கைவிட்ட கேலப் மார்ட்டினை 2021இல் அவர்கள் இந்த ஒப்பந்தத்தில்தான் எடுத்தார்கள். 2023இல் இறுதிச் சுற்றுக்கு முந்திய தொடரில், பொஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் அவன் 26 புள்ளி எடுத்தான், அணி இறுதிச் சுற்றுக்குப் போனது. அந்த அணியில் கேப் வின்சென்ட், மக்ஸ் ஸ்ட்ரூஸ், டங்கன் ரொபின்சன் என்று, வருடாந்தப் புதுமுக வீரர் தெரிவில் எந்த அணியும் எடுக்காத இன்னும் சிலரும் ஆடினார்கள்.

‘வளர்த்துவிட்டால் ஓடிவிடுவான்’ என்பீர்கள். சரி, அங்கேயும் ஓடினார்கள். அதே கோடையில் வின்சென்ட் லொஸ் ஏஞ்சல்ஸுக்கும் ஸ்ட்ரூஸ் கிளீவ்லாந்துக்கும் போனார்கள். எங்கள் பொடியள் யாழ்ப்பாணம், கொழும்பு, அதைத் தாண்டி லண்டன் என்று போவதும் அப்படித்தான். போகும்வரை ஆடினானே, அது கழகத்துக்கு லாபமில்லையா?

இதைப் படித்துவிட்டு ‘மலிவாக ஆள் பிடிக்கலாம்’ என்று மட்டும் விளங்கிக்கொள்ளாதீர்கள். அங்கே மலிவுக்கும் ஓர் அடிமட்டம் உண்டு. அதற்குக் கீழே எந்த முதலாளியும் போக முடியாது, லீக்கும் வீரர் சங்கமும் எழுதி வைத்திருக்கின்றன. அனுபவம் கூடக்கூட அந்த ஆகக்குறைந்த சம்பளமும் கூடும். அதனால் பழைய ஆட்டக்காரனை விலை கூடியவன் என்று ஒதுக்கிவிடாமலிருக்க, ஒரு வருட ஒப்பந்தமென்றால் மேலதிகத் தொகையை லீக்கே அணிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. எங்கள் வாங்கில் இருக்கிறவனுக்கு அடிமட்டம் பூச்சியம். ஒட்டுசுட்டானிலிருந்து பயிற்சிக்கு வருகிறவன் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளை நம்பித்தான் வீடு போகவேண்டும். இரண்டு தரம் அப்படிப் போனவன் மூன்றாம் தரம் வரமாட்டான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வெளியாளுக்கென்று ஒதுக்குவதில் பாதியை எடுத்து, வாங்கில் இருக்கிற நாலைந்து பேருக்கு இரண்டு பருவத்துக்குப் பஸ் காசும் ஒரு சோடி சப்பாத்தும், காயப்பட்டால் மருந்துச் செலவும் தருவதாக எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், கழகத்தின் முத்திரையோடு கடிதம் வேண்டும். முதற் சுற்று ஆட்டங்களில் அவர்களைக் கொஞ்ச நேரமாவது இறக்குங்கள். அண்ணைமார் பலர் இதற்கு முகம் சுளிப்பார்கள், தெரியும்.

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கும்போது மேடை, பந்தல், ஒலிபெருக்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வரும். இந்த முறை வாங்குக்கும் ஒரு வரி வருகிறதா என்று பின்வரிசையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
மாங்குளத்திலிருந்து ஒரு பழைய மாற்று ஆட்டக்காரன்