பிளான்டாகே மிடன்லான் தெருவின் குழந்தைகளைக் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரியோரே,

உங்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டீர்கள். தமிழில் எழுதும் இந்த மடல் உங்கள் கைக்கு வந்து சேராது என்பதையும் அறிவேன். ஆயினும், சொல்லாமல் வைத்திருக்கும் நன்றி நெஞ்சில் கடனாகவே கிடக்கிறது. அதைப் பலர் அறியச் சொல்லிவிடுவதே முறை என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நான் 27 ஆண்டுகள் பாலர் பள்ளியில் பணிபுரிந்தவள். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவள். 1942, 1943 ஆம் ஆண்டுகளில், நாஜி ஜெர்மனியின் பிடியிலிருந்த நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில், பிளான்டாகே மிடன்லான் தெருவிலிருந்து யூதக் குழந்தைகளை மறைவாக வெளியேற்றி நீங்கள் காத்ததைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது எனக்குள் எழுந்தவை ஓர் ஆசிரியையின் கேள்விகளே. பசித்தால் அழும் குழந்தையை எப்படி அமைதியாக வைத்திருந்தீர்கள்? யார் கேட்டாலும் தன் பெயரையும் அப்பாவின் பெயரையும் பெருமையோடு ஒப்பிக்கும் வயதிலுள்ள பிள்ளைக்கு, வேறொரு பெயரைச் சில நாட்களில் எப்படிப் பழக்கினீர்கள்? இரவில் அம்மாவைத் தேடும் குழந்தைக்கு என்ன பதில் சொன்னீர்கள்? ஒரு வகுப்பை அரை மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார வைப்பதே எவ்வளவு பாடு என்பதை அறிந்தவள் என்பதால், நீங்கள் செய்தது எனக்கு மற்றவர்களுக்குத் தோன்றுவதைவிடப் பெரியதாகத் தோன்றுகிறது.

உங்கள் நாட்டில் நடந்ததை மறைத்துவிட்டு உங்களை மட்டும் போற்றுவது நேர்மையாகாது. 1940 மே மாதம் ஜெர்மானியப் படைகள் நெதர்லாந்தைக் கைப்பற்றியபோது அங்கே ஏறத்தாழ 1,40,000 யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் 1,02,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். நான்கு பேரில் மூவர் என்ற இந்த விகிதம் மேற்கு ஐரோப்பாவில் வேறெந்த நாட்டிலும் இல்லை. உங்கள் நாட்டின் மக்கள்தொகைப் பதிவேடுகள் மிகச் சீராக இருந்தன. அந்தச் சீரே யூதர்களை வீடு வீடாகக் கண்டுபிடிக்கப் பயன்பட்டது. அவர்களைக் கைது செய்ததில் டச்சுக் காவலர்களுக்கு, அதாவது நெதர்லாந்துக் காவலர்களுக்கே, பங்கு உண்டு; ஏற்றிச் சென்றவை டச்சு ரயில்கள். 1943இல், மறைந்திருக்கும் யூதர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தால் ஏழரை கில்டர் (அந்நாட்டு நாணயம்) பணம் என்று விலை வைத்தார்கள். அந்தப் பணத்துக்காகவே வேட்டையாடிய டச்சுக்காரர்களும் இருந்தார்கள். அதே தெருக்களில், அதே அண்டை வீட்டாருக்கு நடுவில்தான் நீங்களும் இருந்தீர்கள். யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று தெரியாத ஊரில் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள்.

அந்தத் தெருவில் ஹொலாண்ட்ஸே ஸ்கௌபுர்க் என்னும் நாடக அரங்கம் இருந்தது. 1942 கோடையிலிருந்து ஜெர்மானியர்கள் அதை யூதர்களை அடைத்து வைக்கும் இடமாக மாற்றினார்கள். அங்கிருந்து வெஸ்டர்போர்க் என்னும் இடைத்தங்கல் முகாமுக்கும், வெஸ்டர்போர்க்கிலிருந்து ஆவுஷ்விட்ஸ், சோபிபோர் என்னும் கொலை முகாம்களுக்கும் ரயில்கள் சென்றன. அரங்கத்துக்குள் நெரிசலும் குழந்தைகளின் அழுகையும் தாங்க முடியாதபோது, சிறு பிள்ளைகளை மட்டும் பெற்றோரிடமிருந்து பிரித்து, எதிர்ப்பக்கத்தில் ஏற்கெனவே இயங்கிவந்த குழந்தைகள் காப்பகத்தில் வைக்கச் சொன்னார்கள். தங்கள் காதுக்கு அமைதி தேடி அவர்கள் செய்த அந்த ஏற்பாட்டில் இருந்த இடைவெளியைத்தான் நீங்கள் வாசலாக்கிக்கொண்டீர்கள்.

காப்பகத்தின் தலைவி ஹென்ரியெட்டே பிமென்டெல் அம்மையாருக்கு என் முதல் வணக்கம். தாங்களும் யூதர், தங்களோடு பணிபுரிந்த இளம் பெண்களும் யூதர்கள். அப்பெண்களில் பலர் இருபது வயதைக்கூட எட்டாதவர்கள். குழந்தையை மறைவாக வெளியே அனுப்பலாமா என்று எதிரே அரங்கத்தில் இருந்த தாயிடமும் தந்தையிடமும் சென்று கேட்கும் வேலை அவர்களுடையதாக இருந்தது. பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் அவர்கள் குழந்தையை எடுக்கவில்லை. எங்கே கொண்டு போகிறீர்கள் என்று தாய் கேட்டால் பதில் சொல்ல முடியாது. சொன்னால் குழந்தைக்கே ஆபத்து. ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்ட கைக்குழந்தையாக இருந்தால், துணியில் சுற்றிய பொம்மை ஒன்றைத் தாயின் கையில் கொடுத்து, அதை அணைத்தபடி அவள் ரயிலேறும்படி செய்தார்கள். இந்த ஒரு செய்தியைப் படித்த அன்று அதற்கு மேல் ஒரு பக்கமும் என்னால் படிக்க இயலவில்லை. பொம்மையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, காவலர்களின் முன்னால் அதைத் தட்டித் தூங்க வைப்பதுபோல் நடந்த அந்தத் தாய்மார்களையும் உதவியவர்களின் வரிசையில் சேர்த்தே வணங்குகிறேன். பிமென்டெல் அம்மையாரே, தங்களை 1943 ஜூலையில் கைது செய்தார்கள். செப்டம்பரில் ஆவுஷ்விட்ஸில் தங்கள் உயிரைப் பறித்தார்கள்.

வால்டர் சூஸ்கிண்ட் அவர்களே, ஜெர்மனியிலிருந்து தஞ்சம் தேடி வந்த யூதர் தாங்கள். அரங்கத்தின் நிர்வாகத்தை, ஜெர்மானியர்களின் ஆணைப்படி அமைக்கப்பட்ட யூதப் பேரவை தங்களிடம் ஒப்படைத்திருந்தது. ஜெர்மானிய அதிகாரிகளோடு அவர்கள் மொழியிலேயே சிரித்துப் பேசி, உடன் அமர்ந்து குடித்து, அவர்கள் நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டு, பெயர் அட்டைகளிலிருந்து குழந்தைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக நீக்கினீர்கள். எண்ணிக்கையில் இல்லாத குழந்தையை எவரும் தேட மாட்டார்கள் என்பது தங்கள் கணக்கு. வெளியிலிருந்து பார்த்தவர்கள் தங்களை எதிரிக்கு நெருங்கியவர் என்று நினைத்திருக்கக்கூடும். அந்தப் பழியையும் சுமந்துகொண்டே வேலை செய்தீர்கள். 1944இல் தங்கள் மனைவியும் சிறு மகளும் ஆவுஷ்விட்ஸில் மாண்டார்கள். 1945இன் தொடக்கத்தில் தாங்களும் மறைந்தீர்கள். இஸ்ரேலின் யாட் வஷெம் நினைவு அமைப்பு யூதர்களைக் காத்தவர்களுக்கு வழங்கும் நேர்மையாளர் விருது யூதர் அல்லாதவர்களுக்கு மட்டுமே உரியது என்பதால் தங்கள் பெயரும் பிமென்டெல் அம்மையாரின் பெயரும் அந்தப் பட்டியலில் இடம்பெறாது. விதியின் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் நன்றி சொல்வதற்கு அப்படி ஒரு விதி இல்லை.

காப்பகத்துக்கு ஓரிரு கட்டடம் தள்ளி ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இருந்தது. இரண்டின் பின்புறத் தோட்டங்களும் ஒரு வேலியில் சந்தித்தன. யோஹன் வான் ஹுல்ஸ்ட் அவர்களே, அந்தப் பயிற்சிப் பள்ளியின் தலைவராக முப்பது வயதைக் கடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த தாங்கள், அந்த வேலிக்கு மேலாகக் கைமாறி வந்த குழந்தைகளைத் தங்கள் வகுப்பறைகளில் வைத்துக் காத்தீர்கள். கோணிப்பையிலும் துணிக்கூடையிலும் முதுகுப்பையிலும் அக்குழந்தைகள் வெளியேறினார்கள். ஒரு தேர்வு நாளில் மேற்பார்வைக்கு வந்த கல்வித்துறையைச் சேர்ந்தவர் குழந்தைகளின் சத்தத்தைக் கேட்டு, அவர்கள் யூதக் குழந்தைகளா என்று வினவியபோது, அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வேன் என்று உண்மையிலேயே எதிர்பார்க்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டீர்கள். அந்தக் கணத்தில் வந்தவர் எந்தப் பக்கம் என்று தங்களுக்குத் தெரியாது. அவர் ஜெர்மானிய ஆட்சியை மறைவாக எதிர்த்த எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

1943 செப்டம்பர் இறுதியில் காப்பகம் மூடப்படப்போகிறது என்று தெரிந்தபோது, எஞ்சியிருந்த பிள்ளைகளில் சிலரை மட்டுமே அழைத்துப் போக முடியும் என்ற நிலையில், பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தீர்கள். ஏன் பதின்மூன்றாக இருக்கக்கூடாது என்ற கேள்வியைப் பின்னர் வாழ்நாள் முழுவதும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். 2018இல் தமது 107ஆம் வயதில் தாங்கள் மறையும்வரை, ஏறத்தாழ 600 குழந்தைகளை இந்தத் தெரு காத்தது என்று உலகம் கூறியபோதெல்லாம், தங்கள் மனம் விட்டுவந்தவர்களையே எண்ணிக்கொண்டிருந்தது. அந்த வேதனையைத் தணிக்க எந்தச் சொல்லும் என்னிடம் இல்லை. அந்தப் பன்னிரண்டு பேரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இருப்பார்கள் என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

டிராம் வண்டியில் இருந்தவர்களே, உங்கள் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. டிராம் வந்து நிற்கும்போது, அரங்கத்தின் வாசலில் நிற்கும் காவலரின் பார்வையை அது சில நொடிகள் மறைக்கும். அந்த நொடிகளில் காப்பகத்துப் பெண்கள் குழந்தையோடு வெளியே வந்து, வண்டியோடு சேர்ந்து ஓடி அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்வார்கள். உள்ளே இருந்த பயணிகள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்களே தவிர எவரும் காட்டிக்கொடுக்கவில்லை என்று அந்த வேலையைச் செய்த பெண்கள் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் வாயைத் திறக்காமல் இருந்தீர்கள். ஒரு குழந்தைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தக் குழந்தைகளை ரயிலில் அழைத்துச் சென்ற மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் நன்றி. ஆம்ஸ்டர்டாமிலும் உட்ரெக்டிலும் நீங்கள் குழுக்களாகச் சேர்ந்தீர்கள். உங்களில் ஒரு குழு, டச்சு மொழியில் வணிக நிறுவனத்தைக் குறிக்கும் 'பெயரற்ற கூட்டு' என்னும் சொல்லையே தன் பெயராக வைத்துக்கொண்டது. பொன்னிற முடியுள்ள பிள்ளைகளை வடக்கே ஃப்ரீஸ்லாந்துக்கும், கருமுடியுள்ளவர்களைத் தெற்கே லிம்பர்க்குக்கும் அனுப்பினீர்கள். ஊராரின் கண்ணில் வேறுபாடு தெரியக்கூடாது என்பதற்காக. 1940இல் குண்டுவீச்சில் அழிந்த ரோட்டர்டாம் நகரத்துப் பிள்ளை என்று சொன்னால் கேட்பவர்கள் நம்பினார்கள். பெயரற்ற கூட்டின் யாப் முஸ்க் அவர்களே, 1944 செப்டம்பரில் பிடிபட்ட தாங்கள் சித்திரவதையிலும் ஒரு முகவரியையும் சொல்லாமல் சுட்டுக் கொல்லப்பட்டீர்கள். தங்கள் குழு மட்டும் 200க்கும் மேற்பட்ட குழந்தைகளை வீடுகளில் சேர்த்திருந்தது.

இனி, அந்த வீடுகளுக்கு. லிம்பர்க்கின் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களே, ஃப்ரீஸ்லாந்தின் உழவர்களே, கதவைத் தட்டியவர்கள் குழந்தையைத் தந்துவிட்டுப் போய்விட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு நாளையும் நகர்த்தியவர்கள் நீங்கள். என் மனம் தங்கி நிற்பது இங்கேதான். ஒரு குழந்தையை வேலிக்கு மேல் தூக்கிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அதே குழந்தைக்கு இரண்டு ஆண்டுகள் சோறூட்டி, காய்ச்சலில் கண்விழித்து, மருத்துவரை அழைக்கலாமா வேண்டாமா என்று தவித்து, உங்கள் சொந்தப் பிள்ளைகள் பள்ளியில் உளறிவிடாமல் பார்த்துக்கொண்டு, படுக்கையில் சிறுநீர் கழித்த துணிகளை அண்டை வீட்டார் பார்க்காத இடத்தில் உலர்த்தியிருப்பீர்கள். இந்த வேலைக்கு யாரும் பதக்கம் குத்துவதில்லை. உணவுக்குப் பங்கீட்டு அட்டை தேவைப்பட்ட காலம் அது. மறைந்திருப்பவர் பெயரில் அட்டை கிடையாது. எதிர்ப்பியக்கத்தினர் கொண்டுவந்து கொடுத்த அட்டைகள் வராத வாரங்களில் உங்கள் தட்டிலிருந்துதான் அந்தக் குழந்தை உண்டிருக்க வேண்டும். 1944 குளிர்காலத்தில் மேற்குப் பகுதி நகரங்களில் மக்கள் துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தபோது, அங்கேயும் இரண்டாம் தட்டு வைத்த வீடுகள் இருந்தன. எல்லா வீடுகளும் அன்பானவையாக இருக்கவில்லை. அடிபட்ட குழந்தைகளும், வேலைக்காரராக நடத்தப்பட்ட பிள்ளைகளும் உண்டு. அந்தக் குழந்தைகளுக்கும் நீதி செய்ய வேண்டும் என்பதால் இதைச் சொல்கிறேன். அன்போடு நடத்தியவர்களின் அருமையும் அதனால்தான் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

பிளான்டாகே தெருவோடு தொடர்பில்லாத இருவரையும் இங்கே நினைவுகூர விரும்புகிறேன். டிரென்டே மாகாணத்தின் நியூலாண்டே என்னும் சிற்றூரில் யோஹன்னஸ் போஸ்ட் என்னும் உழவர் தம் வீட்டில் அடைக்கலம் தந்ததோடு நிற்காமல், அண்டை வீட்டாரையும் தூண்டினார். ஊரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் யூதர்களை மறைத்து வைத்தார்கள். தன் அண்டை வீட்டாரும் அதையே செய்வதால் எவரும் எவரையும் காட்டிக்கொடுக்க இயலாத நிலை அங்கே உருவானது. 1944 ஜூலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மீப் கீஸ் அம்மையாரை உலகமே அறியும். அவர் வியன்னாவில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் வாடிய பதினோரு வயதுச் சிறுமியாக நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, லைடன் நகரில் ஒரு டச்சுக் குடும்பத்தின் கையால் உண்டு தேறியவர். அவரே பின்னர் ஆம்ஸ்டர்டாமின் பிரின்சன்ஹ்ராக்ட் கால்வாய்க் கரையில் மறைந்திருந்த, நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்க் உட்பட எட்டுப் பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காய்கறியும் பிற உணவும் சுமந்து சென்றார். மீப் என்னும் சிறுமியை வளர்த்த லைடன் குடும்பத்துக்கும் இந்த மடலில் ஒரு வரி சேரட்டும்.

கடைசியாக, 1945 மே மாதத்துக்குப் பிறகு உங்களுக்கு நேர்ந்ததற்காக எழுதுகிறேன். பெற்றோரில் மிகச் சிலரே முகாம்களிலிருந்து திரும்பினார்கள்; திரும்பியவர்களைப் பல குழந்தைகள் அடையாளம் காணவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்பதை முடிவு செய்ய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தீர்ப்புகளில் கசப்பு மிஞ்சியவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள். உங்களை அம்மா என்று அழைத்துப் பழகிய குழந்தையை, எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நின்ற பெண்ணிடம் கொடுத்தவர்களே, குழந்தை மறக்க வேண்டும் என்று நீங்கள் பழக்கிய அதன் சொந்தப் பெயரை, துணிகளை மடித்துப் பையில் வைத்தபடி, நீங்களே மீண்டும் அதற்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். ஆண்டின் இறுதி நாளில் என் வகுப்புப் பிள்ளைகளை அவரவர் தாயிடம் ஒப்படைத்துவிட்டு வெறும் அறையில் நிற்பது எப்படியிருக்கும் என்பதை அறிவேன். உங்கள் வாசலில் நீங்கள் நின்றதை அதோடு ஒப்பிடத் துணியமாட்டேன். அந்தக் குழந்தையைக் காத்ததற்கும், பிறகு கொடுத்ததற்கும், உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி.

பணிவன்புடன்,
ஒரு பாலர் பள்ளி ஆசிரியை