611 மறுபடி ஓடுகிறது: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பர்களே,

போன வாரம் நாங்கள் வெளியிட்ட 611-இன் முதல் பதிப்பு கோளாறாகப் போனது உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியும். அதை மறுபடி கிளற வேண்டாம். ஓபன் ரெயில்ஸ் என்ற கணினி ரயில் சிமுலேட்டருக்காக நாங்கள் செய்த நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் 611 என்ற அமெரிக்க நீராவி இன்ஜின், திருத்திய பதிப்பாக நேற்றிரவு வெளியாகிவிட்டது. ப்ளூ ரிட்ஜ் ஏற்றத்தில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, திணறாமல் ஏறுகிறது. மனசு ஆறுவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவசரமாக இந்த மடல்.

முதல் நன்றி, மூன்றே வரியில் தகவல் அனுப்பிய ஒருவருக்கு. பெயர் போடவில்லை. கோப்பு எதையும் அவர் திறந்து பார்த்ததாகவும் தெரியவில்லை. நாங்கள் போட்ட சோதனை ஓட்டத்தின் காணொளியை மட்டும் கேட்டிருக்கிறார். பார்த்திருக்கிறார் என்பதைவிடக் கேட்டிருக்கிறார் என்பதே சரி.

"10 மைல் வேகத்தில் போகும்போது 15 விநாடிக்கு 24 குப் சத்தம்தான் வருது. 48 வரணும். சக்கர அளவைப் பாருங்க."

இவ்வளவுதான். இந்த மூன்று வரிக்குள் எவ்வளவு கணக்கு அடங்கியிருக்கிறது என்பது புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. 611-இன் பெரிய சக்கரத்துக்கு விட்டம் 70 அங்குலம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 18.33 அடி நகரும். மணிக்கு 10 மைல் என்றால் நிமிடத்துக்கு 880 அடி, அதாவது 48 சுற்று. இரண்டு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு பிஸ்டனும் முன்னே ஒரு முறை, பின்னே ஒரு முறை நீராவியை வெளியே தள்ளும். ஆக, ஒரு சுற்றுக்கு நான்கு குப். 15 விநாடி என்பது நிமிடத்தில் நான்கில் ஒரு பங்கு. நான்கும் நான்கும் அடிபட்டுப்போகிறது. 15 விநாடியில் எத்தனை குப் எண்ணுகிறோமோ, அதுவே நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற விடை. அவர் ஏன் 10 விநாடியோ 20 விநாடியோ எடுக்காமல் 15-ஐப் பிடித்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

எங்கள் தவறு ஒரே ஒரு எண். வரைபடங்களில் சக்கரத்துக்கு எப்போதும் விட்டம்தான் எழுதியிருக்கும். இன்ஜின் கோப்பில் உள்ள வீல்ரேடியஸ் வரி ஆரத்தைக் கேட்கும். 35 அங்குலம் என்று போட வேண்டிய இடத்தில் 70 அங்குலம் போட்டிருந்தோம். இதில் ஒரு வேடிக்கை: அதே கோப்பு சிலிண்டருக்கு மட்டும் விட்டத்தைக் கேட்கும். சிலிண்டருக்கு 27 அங்குல விட்டமும் 32 அங்குல ஓட்டமும் (பிஸ்டன் நகரும் தூரம்) வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்த கை, அடுத்த வரியில் 70-ஐத் தட்டிவிட்டது.

இந்த ஒரு எண்ணால் வந்தவை நான்கு கோளாறுகள். அவை ஒரே நோயின் குணங்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. சத்தம் பாதியானது. சக்கரம் பாதி வேகத்தில் சுழன்றதால் தண்டவாளத்தில் சறுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிந்தது. காணொளிப் பதிவின் குறை என்று அதைத் தள்ளிவிட்டோம். இழுவிசையும் பாதியானது. சதுர அங்குலத்துக்கு 300 பவுண்ட் அழுத்தம், 27 அங்குலத்தின் வர்க்கம், 32 அங்குல ஓட்டம் ஆகியவற்றைப் பெருக்கிச் சக்கர விட்டத்தால் வகுப்பதுதான் சூத்திரம். வகுக்கும் எண் இரட்டிப்பானால் விடை பாதிதானே வரும்? இதற்கு நாங்கள் பார்த்த வைத்தியம் எல்லாம் வேறு பக்கம். உருளும்போது வரும் தடை அதிகமோ என்று அதைக் கணக்கிடும் டேவிஸ் எண்களைத் திருத்தினோம். இந்த இன்ஜினின் அச்சுகள் எல்லாவற்றிலும் உராய்வு குறைந்த ரோலர் பேரிங். பேரிங் வகையில் ரோலர் என்று எழுதியிருக்கிறதா என்று நான்கு தடவை பார்த்தோம். எழுதித்தான் இருந்தது.

நான்காவது குணத்தைக் குறையென்றே யாரும் சொல்லவில்லை, பாராட்டினார்கள். வண்டி ஒட்டவைத்ததுபோல் வழுக்காமல் கிளம்புகிறதாம்! பெரிய சக்கரங்களின் மேல் 2,88,000 பவுண்ட் எடை, இழுவிசை 80,000 பவுண்ட். விகிதம் 3.6. நான்குக்கும் கீழே போனால் சக்கரம் எளிதில் வழுக்கும். அதனால் நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரைக் கொஞ்சம் அவசரமாகத் திறந்தாலே இந்த இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றிவிடும். அது வழுக்காமல் கிளம்பினால் ஏதோ சரியில்லை என்று அன்றைக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

திருத்திய பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. மூலக் கோப்பில் எண்ணை மாற்றி ஓட்டினால் அதே 24. ஓபன்ரெயில்ஸ் என்ற உள் ஃபோல்டரில் அதே பெயரில் இன்னொரு இன்ஜின் கோப்பு இருந்தால் சிமுலேட்டர் அதைத்தான் எடுக்கும். அந்தக் கோப்பின் முதல் வரி வெறுமையாக இருக்க வேண்டும். அடுத்து இன்க்ளூட் வரி மூலக் கோப்பை உள்ளே இழுக்கும். அதன் கீழே எழுதுவதெல்லாம் மூலத்தில் உள்ளதை அடித்துவிடும். அங்கே பழைய 70 உட்கார்ந்திருந்தது. இன்னொன்று, வீல்ரேடியஸ் வரி வேகன் பகுதியில் ஒன்று, இன்ஜின் பகுதியில் ஒன்று என இரண்டு இடத்தில் வரும். பெரிய சக்கரத்துக்கு உரியது இன்ஜின் பகுதியில் உள்ளது. வேகன் பகுதியில் உள்ளது சின்னச் சக்கரங்களுக்கு. எண்ணுக்குப் பின்னால் அங்குலம் என்ற அலகை எழுதாமல் விட்டால் மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும், அப்புறம் 35 மீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் வண்டி போகும்.

இப்போது இழுவிசை 80,000-க்குப் பதிலாக ஏறக்குறைய 85,000 காட்டுகிறதே என்று கேட்பவர்களுக்கு: சிலிண்டருக்குப் போகும்போது அழுத்தம் குறைவதற்காகச் சூத்திரத்தில் ஒரு காரணியாலும் பெருக்க வேண்டும். வழக்கமான 0.85-ஐப் போட்டால் 84,981 வரும், 0.80 போட்டால் 79,982. நூல்களில் உள்ள 80,000 இந்த இரண்டாவது கணக்கோடு பொருந்துகிறது. இரண்டில் எதை வைத்துக்கொண்டாலும் சண்டைக்கு வர மாட்டோம்.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். சிலிண்டருக்குள் நீராவியை விடும் வால்வுகளின் இயக்கத்தை வேறொரு இன்ஜினைப் பார்த்து வால்ஷார்ட்ஸ் வகையாகச் செய்துவைத்திருந்தோம். 611 சேர்ந்த ஜே வகுப்புக்கு பேக்கர் வகை என்று சொல்லி, அசையும் பாகங்களை வரைந்தும் அனுப்பினார் ஒருவர். இடது, வலது தண்டுகள் 90 பாகை தள்ளி நிற்க வேண்டும் என்று பிடித்தவர் இன்னொருவர். கறுப்பின் மேல் ஓடும் டஸ்கன் சிவப்புப் பட்டைக்கு மூன்று முறை நிறம் மாற்றிக் கொடுத்தார்கள். 2015-இல் நிஜ 611-க்கு மறுபடி நீராவி ஏறிய பிறகு எடுத்த அடிப்பாகப் படங்களைத் தேடித் தொகுத்தவர்கள் உண்டு. எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. தனித்தனியாக எழுதினால் மடல் முடியாது.

இன்ஜினுக்குப் பின்னால் தண்ணீரும் நிலக்கரியும் சுமந்து வரும் டெண்டரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 20,000 கேலன் தண்ணீர் என்பது அமெரிக்க கேலன், கேலனுக்கு 8.33 பவுண்ட். நம்மூர்ப் பழைய வழக்கத்தில் உள்ளது 10 பவுண்ட் பிரிட்டிஷ் கேலன். அந்தக் கணக்கில் போட்டதால் டெண்டர் சுமார் 15 டன் கூடுதலாகக் கனத்தது. இதைக் கண்டுபிடித்தவர் பள்ளி மாணவர். அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

அமெரிக்க இன்ஜின்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. சக்கர விட்டம் எத்தனை அங்குலமோ அத்தனை மைல் வேகத்தில் போனால், எந்த இன்ஜினுக்கும் நிமிடத்துக்கு 336 சுற்று. 611 மணிக்கு 70 மைலில் 336 சுற்று. பத்து மைலுக்கு அதில் ஏழில் ஒன்று, 48. இது தெரிந்தும் எண்ணிப் பார்க்காமல் விட்டோம். இனி எந்த இரண்டு சிலிண்டர் இன்ஜினையும் 10 மைலில் 15 விநாடி கண்ணை மூடிக் கேட்டு எண்ணாமல் வெளியிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். மூன்று சிலிண்டருக்கு ஒரு சுற்றுக்கு ஆறு என்று மாற்றிக்கொள்ளலாம். பிக் பாய் என்ற அமெரிக்க இன்ஜின் போல இரண்டு சக்கரத் தொகுதிகள் தனித்தனியாகச் சுழலும் இன்ஜினுக்கு இந்த வித்தை செல்லாது. ஒரு தொகுதியின் சத்தத்தில் மற்றது கலந்துவிடும்.

முதல் பதிப்பை இறக்கியவர்கள் புதியதை அதன் மேலேயே கொட்ட வேண்டாம். ட்ரெயின்செட் ஃபோல்டருக்குள் இருக்கும் 611 ஃபோல்டரை முழுதாக நீக்கிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் உள் ஃபோல்டரில் பழைய 70 உயிரோடு இருக்கும். பிறகு எஃப்5 தட்டி வேகத்தைப் பார்த்து, 10 மைல் வேகத்திலேயே ஓட்டி எண்ணிப் பாருங்கள்.

மூன்று வரி எழுதிய அன்பரே, விளக்கக் கோப்பின் நன்றிப் பட்டியலில் உங்கள் பெயர் வர வேண்டிய முதல் இடத்தில் 48 என்று போட்டிருக்கிறோம். பெயரைச் சொன்னால் அன்றைக்கே மாற்றிவிடுகிறோம்.