மின்சாரம் 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும்?

ஆசிரியருக்கு,

வீட்டு மின் அளவை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதற்குப் பதில் மாதந்தோறும் கணக்கெடுப்பது குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். அது வரும்போது வரட்டும். இப்போதைய பில்லே பலருக்குப் புரிவதில்லை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளின் சலுகையும் போய்விடுகிறது. 2022 செப்டம்பர் கட்டணப்படி, அந்த நூறு யூனிட்டுக்கு 225 ரூபாய்க்குப் பதில் 450 ரூபாய் ஆனது.

மேட்டூர் அணை திறக்காத கோடையில் எங்கள் பக்கம் மோட்டாரும் மின்விசிறியும் ஓய்வதில்லை. அந்த நேரம் பார்த்துக் கணக்கெடுப்பவர் தாமதமாக வந்ததில், எங்கள் வீட்டு அளவு 500-ஐச் சற்றே தாண்டிவிட்டது. சரி, தாமதம் யாருடையது, பணம் யாருடையது? கணக்கெடுப்பு தள்ளிப்போனால் பயன்பாட்டை 60 நாளுக்கான விகிதப்படி கணக்கிட்டு, எந்த யூனிட்டுக்கு என்ன விலை என்பதையும் மின் கணக்கு அட்டையிலேயே குறித்துத் தர வேண்டும்.

– ஒரு வாசகர், மன்னார்குடி