நன்றிக் கடிதத்தில் செய்த வேலை இருக்கட்டும்

இந்திராநகர், பெங்களூரு

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசுக்கு நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பதவிக்காலம் முடிகிற துணைக்குழுத் தலைவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் உங்கள் பியர் வேதியியலாளர் சங்கத்தின் சார்பில் நீ எழுதியிருக்கும் நன்றிக் கடித வரைவைப் படித்தேன். 'அயராத உழைப்பு', 'தன்னலமற்ற சேவை' என்ற வரிகள் திருப்பணிக் குழுவுக்கும் பொருந்தும், குடியிருப்போர் சங்கத்துக்கும் பொருந்தும். பியர் வேதியியலில் நம் ஆட்கள் செய்தது என்ன என்று அதில் ஒரு வரி கூட இல்லை. அதை எழுது இளங்கோ. அவர்களுக்கு அதுதான் மரியாதை.

கசப்பு அளவீட்டுக் குழுவையே எடுத்துக்கொள். பியரின் கசப்பை அளக்க அவர்கள் காக்கும் வழிமுறை ஒரு பக்கம்தான் வரும். 10 மில்லி பியர், 3 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மில்லி, நீரோடு கலக்காத கரைப்பானான ஐசோ-ஆக்டேன் 20 மில்லி. இறுக மூடி 15 நிமிடம் வேகமாகக் குலுக்க வேண்டும். மேலே தெளிந்து நிற்கும் அடுக்கு 275 நானோமீட்டர் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கருவியில் படித்து, வரும் அளவை 50-ஆல் பெருக்க வேண்டும். 0.500 காட்டினால் கசப்பு 25 அலகு.

இதில் பியரை உறிஞ்சி அளந்தெடுக்கும் குழாயான பிப்பெட்டின் நுனியைக் கொஞ்சம் கவனி. ஆக்டைல் ஆல்கஹாலை அதில் இம்மியளவு தொட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கும். பியரை உறிஞ்சும்போது நுரை எழும். கசப்பைத் தரும் ஐசோ-ஆல்ஃபா அமிலங்கள் நுரையில் அதிகமாகப் போய்ச் சேரும். அந்த நுரை பிப்பெட் சுவரில் ஒட்டிக்கொண்டால் கசப்பும் அங்கேயே நின்றுபோகும், எண் குறைவாக வரும். அந்த இம்மியளவு ஆல்கஹால் நுரையை அடக்கிவிடுகிறது. அதுவே கருவியில் அளவு காட்டிவிடக் கூடாது என்பதற்காக, ஒப்பிடும் வெற்று ஐசோ-ஆக்டேனிலும் ஒரு துளி சேர்க்கிறோம்.

மற்ற ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. அமிலத்தன்மை கூடக் கூடக் குறைகிற எண்தான் பிஎச், பியரில் அது 4.2 வாக்கில் இருக்கும். அந்த நிலையில் ஐசோ-ஆல்ஃபா அமிலங்கள் பெரும்பாலும் அயனிகளாக நீரிலேயே தங்கிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஎச்சை இறக்கினால்தான் அவை ஐசோ-ஆக்டேனுக்குள் ஏறும். குலுக்கியது பத்தாவிட்டால் முழுவதும் ஏறாது. பால் மாதிரி குழம்பி நின்றால் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பிரிக்க வேண்டும். குவெட் என்கிற, கருவியில் வைக்கும் சிறு குப்பி சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் கண்ணாடியே 275-இல் ஒளியை விழுங்கும், அதனால் குவார்ட்ஸ். இந்த எச்சரிக்கைகள் எங்கோ ஒரு லேபில் எண் தப்பி வந்து, யாரோ ஒருவர் உட்கார்ந்து ஏன் என்று தேடியதால் எழுதப்பட்டவை.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதன் அருமை கூடுதலாகவே தெரியும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறோம், தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் ஆல்ஃபா அமிலம், கொதிக்கும்போது ஐசோ வடிவத்துக்கு மாறுகிற வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. இந்த 3 டிகிரி குறைவதிலேயே வேகம் ஏறக்குறைய கால் பங்கு விழுந்துவிடும். மும்பையில் 60 நிமிடக் கொதிப்புக்கு எழுதிய ரெசிபியை இங்கே அப்படியே போட்டால் அங்கே வந்த கசப்பு வராது. ஹாப்ஸைக் கூட்டுவதா, கொதி நேரத்தை நீட்டுவதா, எவ்வளவு என்று முடிவுசெய்ய அளந்த எண் வேண்டும். அந்த எண் மும்பை லேபிலும் இங்கேயும் ஒரே பொருளில் இருக்க வேண்டும்.

அந்த 'ஒரே பொருள்' வருவது, பல லேபுகள் ஒரே பியரை அளந்து ஒப்பிடும் கூட்டுச் சோதனையால்தான். உன் கடிதத்தில் இதற்குத் தாராளமாக இடம் கொடு. ஒரே நாளில் ஒரே தொட்டியிலிருந்து அடைத்த கேன்கள். கசப்பில் லேசாக மட்டும் வேறுபடும் இரண்டு பியர்கள், குறியீட்டு எண்ணோடு ஜோடியாக எல்லா லேபுக்கும் குளிர்ச்சி குறையாமல் போக வேண்டும். வழியில் கேன் சூடானால் கசப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பிக்கும், பிறகு அளப்பது லேபையா லாரியையா என்றே தெரியாது. எல்லோரும் குறித்த வாரத்துக்குள் அளக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் ஒரே தடவைதான். மூன்று தடவை அளந்து நல்லதைப் பொறுக்கி அனுப்பினால் சோதனையே வீண்.

எண்கள் வந்து சேர்ந்ததும் யூடன் வரைபடம். ஒரு மாதிரி கிடை அச்சில், மற்றது நிலை அச்சில், லேபுக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் 45 டிகிரி கோட்டை ஒட்டி நீண்டு கிடந்தால், ஒவ்வொரு லேபும் தனக்கென ஒரு சாய்வோடு அளக்கிறது என்று அர்த்தம். கருவியைச் சரிபார்க்கவில்லை, அல்லது வழிமுறையில் ஒரு வாக்கியத்தை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். புள்ளிகள் வட்டமாகச் சிதறிக் கிடந்தால் அது தற்செயல் பிழை. இதைப் பார்த்துவிட்டுத் துணைக்குழுத் தலைவர் வாக்கியத்தைத் திருத்தி, மறுபடி கேன் அனுப்பி, பதில் வராத லேபுக்கு நாலு தடவை போன் போட்டு எண்ணை வாங்க வேண்டும். அந்த நாலு போனுக்கும் நன்றி சொல்.

தொழில்நுட்பக் குழுத் தலைவர் செய்யும் வேலைகளிலேயே கஷ்டமானது, இரண்டு வருஷம் உழைத்த ஒருவரிடம் 'இந்த வழிமுறை இன்னும் ஏற்கும்படி இல்லை' என்று சொல்வது. லேபுக்கு லேப் வித்தியாசம் அதிகமாக இருக்கும்போது தயவு பார்த்து ஏற்றுக்கொண்டால், பின்னால் அதை நம்பி அளக்கிற ஒவ்வொரு ஆலையும் அவதிப்படும். ஏற்றுக்கொண்ட வழிமுறைக்கும் வரம்பு உண்டு. டிரை-ஹாப் செய்த, அதாவது கொதிப்புக்குப் பிறகு குளிர்ந்த நிலையில் ஹாப்ஸ் சேர்த்த பியரில், ஹாப்ஸிலிருந்து வரும் ஹியூமுலினோன்கள் என்ற சேர்மங்களும் 275-இல் ஒளியை உறிஞ்சும், ஆனால் நாக்குக்கு அவற்றின் கசப்பு குறைவு. எண்ணுக்கும் ருசிக்கும் அங்கே பொருத்தம் விட்டுப்போகிறது. ஹாப்ஸைக் கொட்டிச் செய்கிற ஐபிஏ வகை பியர்களின் காலத்தில் அதை ஒளிக்காமல் எழுதிவைக்கிறவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பிஎச் அளவுகோலை 1909-இல் சோரன்சன் வகுத்தது கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையின் ஆய்வகத்தில். 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் காசெட் 1908-இல் டி-சோதனை என்ற புள்ளியியல் முறையைத் தந்தது கின்னஸ் பியர் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே. இருவருக்கும் நிறுவனம் சம்பளம் கொடுத்தது. 1934-இல் தொடங்கிய அமெரிக்க பியர் வேதியியலாளர் சங்கம் முதல் உங்கள் சங்கம் வரை, வழிமுறைகளைக் காப்பவர்கள் தங்கள் ஆலை வேலையை முடித்துவிட்டு இதற்கு உட்காருகிறவர்கள். இந்த வித்தியாசத்தைக் கடிதத்தில் ஒரு வரியிலாவது சொல்லிவிடு.

இன்னொன்று. கணக்கில் ஒதுக்கப்பட்ட லேபுகளையும் விட்டுவிடாதே. மற்ற எல்லோருக்கும் 24, 25 என்று வரும்போது ஒருவருக்கு 31 வந்தால், அதைக் கூட்டத்தோடு ஒட்டித் திருத்தி அனுப்பிவிட எவ்வளவு நேரம் ஆகும்? வந்ததை வந்தபடி அனுப்பினார்களே, அதனால்தான் கோளாறு எங்கே என்று தேட முடிகிறது. கூட்டத்தோடு ஒட்டாத எண்ணைக் கண்டுபிடிக்கும் கிரப்ஸ் சோதனையில் அந்த எண் வெளியே போயிருக்கலாம், ஆனால் நன்றிப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்க வேண்டும்.

கடிதத்தின் ஒரு நகலை அவரவர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு மேலாளருக்கும் அனுப்பு, எத்தனை மாதிரி அளந்தார் என்ற எண்ணிக்கையோடு. மார்ச்சில் அப்ரைசல் வரும், அதற்கு முன்னால் கையில் கிடைத்தால்தான் பிரயோஜனம். அடுத்த சுற்றுக்கு அவருக்குக் கருவியும் நேரமும் ஒதுக்கித் தர வேண்டியவர் அந்த மேலாளர்தானே.

திருத்திய வரைவை அனுப்பு. உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் சேகர்