போன மாசத்து பருப்பையும் பாமாயிலையும் சேத்துக் குடுங்க

ரேஷன் கடைகளுக்கு சரக்கு அனுப்புற, அதை மேற்பார்வை பாக்குற அதிகாரிங்க எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசமும் எங்க கடைக்கு பருப்பும் பாமாயிலும் முழுசா வரல, வந்தது பாதி கார்டுக்குக் கூட காணல. குடோன்லயே இல்லையா, லாரி லேட்டா, டெண்டர் முடியலையா, அதெல்லாம் எங்களவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். நான் கேக்க வந்தது ஒண்ணுதான். சரக்கு வராததால ஒரு மாசம் எங்களால வாங்க முடியலன்னா அதை அடுத்த மாசம் சேத்து வாங்கிக்க விடுங்க.

ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபா, ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபா, ரெண்டும் சேத்து 55 ரூபா. இதையே மளிகைக் கடையில வாங்கப்போனா 200 ரூபாய்க்கு மேல ஆகுது. கிட்டத்தட்ட 150 ரூபா வித்தியாசம், அது எங்க வீட்டுல ஒரு வாரத்துக்கு தினம் ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட் வாங்குற காசுங்க. அதுவும் மாசக் கடைசியில முழு கிலோ வாங்க யார் கையில காசு இருக்கு, கால் கிலோ கால் கிலோவாத்தான் வாங்குறோம், அப்படி வாங்குனா விலை இன்னும் கூடத்தான் வருது. மளிகை செலவ குறைக்கணும்னா லிஸ்ட் போட்டு வாங்குங்க, மொத்தமா வாங்குங்கன்னு ஆளாளுக்கு சொல்றாங்க. எங்கள மாதிரி வீட்டுக்கு மளிகையில உண்மையா மிச்சமாகுறதுன்னா அது இலவச அரிசியும் இந்த 55 ரூபா சாமானும்தான். ரேஷன் பருப்பு வேக நேரமாகும்னு சிலபேர் குறை சொல்லுவாங்க, கொஞ்சம் முன்னாடியே ஊறப்போட்டு கூட ரெண்டு விசில் விட்டா நல்லாவே குழையும், எங்க வீட்டு சாம்பாரு அதுலதான்.

கடையில என்ன நடக்குதுன்னு ஒரு தடவை நேர்ல வந்து பாருங்க. மாசம் பொறந்ததும் போனா அரிசி, சக்கரை மட்டும் போடுறாங்க. பருப்பு எப்பண்ணே வரும்னு கேட்டா பத்தாம் தேதிக்கு மேல வாங்கம்மாங்கறாங்க. அப்புறம் போனா இருவதுக்கு மேலங்கறாங்க. போன மாசம் கடைசி நாள் சாயங்காலம் லோடு இறங்கிருக்குன்னு தெரு பூரா பேச்சு, சித்தாள் வேலைக்குப் போயிருந்த எங்க பக்கத்து வீட்டு அக்கா மேஸ்திரிகிட்ட கெஞ்சி சீக்கிரமா கிளம்பி, சிமெண்டு ஒட்டுன சேலையோட வந்து வரிசையில நின்னாங்க. முன்னாடி நாலு பேர் இருக்கும்போது பாமாயில் பாக்கெட் தீந்துபோச்சு, அவங்களுக்கு ரெண்டு ஆள் முன்னாடி பருப்பும் தீந்துபோச்சு. மறுநாள் காலையில போய் கேட்டதுக்கு, போன மாசத்து கணக்கு முடிஞ்சிருச்சும்மா, மெஷின்ல பில் விழாதுன்னுட்டாரு கடைக்காரரு. அந்த அக்கா ஒரு வார்த்தை பேசல, பையை மடிச்சு கக்கத்துல வச்சுக்கிட்டு வேலைக்குப் போயிட்டாங்க. அவங்களுக்கு அரை நாள் கூலியும் போச்சு, சாமானும் போச்சு.

கடைக்காரர நான் குத்தம் சொல்லல, திட்டு வாங்குறது என்னவோ அவருதான், ஆனா மெஷின் தொறக்குறது அவர் கையில இல்ல, உங்க கையில இருக்கு. முடியாத காரியம்னும் சொல்லிடாதீங்க. 2024 மே மாசம் பருப்பும் பாமாயிலும் லேட்டானப்போ, வாங்காதவங்க ஜூன் மாசம் வாங்கிக்கலாம்னு அரசாங்கமே அறிவிச்சுது. அப்ப முடிஞ்சது இப்ப மட்டும் ஏங்க முடியாது? ஒவ்வொரு தடவையும் பேப்பர்ல செய்தி வந்து, சட்டசபையில யாராவது கேள்வி கேட்டாத்தான் அறிவிப்பு வரணுமா? எந்தக் கடைக்கு எவ்வளவு சரக்கு போச்சு, எத்தனை கார்டுக்கு பில் விழுந்துச்சுன்னு உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு. பில் விழாத கார்டு எதுன்னும் அதுலயே தெரியுமே.

வெளி மார்க்கெட்ல பருப்பு விலை ஏறிடுச்சு, ஏழைங்களுக்கு கட்டுப்படியாகாதுன்னுதான் 2007ல ரேஷன்ல கம்மி விலைக்கு பருப்பு, பாமாயில் போடுற இந்தத் திட்டத்தையே கொண்டு வந்தாங்க. அப்போ விலை ஏறுற மாசத்துல தான முக்கியமா சாமான் வரணும்? எங்களுக்கு அந்த மாசத்துலதான் இல்லைன்னு பதில் வருது. அதுக்கு நடுவுல சோப்பு வாங்குங்க, டீத்தூள் வாங்குங்கன்னு தலையில கட்டுறது வேற. வேணாம்னு சொன்னா அடுத்த தடவை மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்களோன்னு பயந்து வாங்கிட்டு வர்ற பொம்பளைங்க எத்தனை பேருன்னு உங்களுக்குத் தெரியுமா? கைரேகை விழலன்னு வயசானவங்கள திருப்பி அனுப்புறாங்க, வெயில்ல உக்கார ஒரு பெஞ்சு கிடையாது, குடிக்க தண்ணி கிடையாது. கேட்டா இலவசமாத்தான குடுக்குறோம்னு ஒரு பேச்சு. பருப்பையும் பாமாயிலையும் நாங்க காசு குடுத்துதாங்க வாங்குறோம், அரிசியும் யாரோ ஒருத்தர் வீட்டு சொத்துல இருந்து வரல.

கோவத்துல கொஞ்சம் கூடப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க. மத்ததை எல்லாம் நீங்க அப்புறமா பாத்துக்கிட்டாலும் சரி, இதை மட்டும் இந்த மாசமே செஞ்சு குடுங்கய்யா, செஞ்சு குடுங்கம்மா. போன மாசம் பருப்பு, பாமாயில் பில் போடாத கார்டுக்கு இந்த மாசம் ரெண்டு கிலோவும் ரெண்டு லிட்டரும் போட்டுக்கலாம்னு மெஷின்ல மாத்திக் குடுங்க, அந்த உத்தரவ கடை வாசல்ல எழுதி ஒட்டச் சொல்லுங்க. லோடு என்னைக்கு வரும்னு ரெண்டு நாள் முன்னாடியே போர்டுல எழுதிப்போட்டா கூலி வேலைக்குப் போறவங்க அதுக்கேத்த மாதிரி மேஸ்திரிகிட்ட சொல்லி வச்சுக்குவாங்க.

இப்படிக்கு,
அரிசி கார்டு வச்சிருக்குற ஒரு குடும்பத் தலைவி