சுவருக்கு வெளியே கேட்ட கிட்டார்

சிவமயம்

கானாடுகாத்தான்

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதிக்கொள்வது. நானும் உங்க ஆத்தாவும் நலம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நடமாடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு "சரி, பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று நாளாக அதுவே மனசில் கிடந்து உறுத்துகிறது. பன்னிரண்டாவது படிக்கிற பையன், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாலு பேரோடு கார் ஷெட்டில் போய் அடைந்துகொள்கிறான், ஐயா நீங்கள் சொன்னால் பேரன் கேட்பான், நீங்களே சொல்லி நிறுத்துங்கள் அப்பச்சி என்றாய். என்ன வாசிக்கிறான் என்று கேட்டேன். "கிட்டார்தான். ஆனா நாலே கம்பி, அதுவும் தடித்தடியா இருக்கு" என்றாய். அதற்கப்புறம் நீ பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அவனிடம் நான் அதைச் சொல்ல மாட்டேன் அம்மா. ஏன் என்று போனில் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த நாலு கம்பிக் கிட்டாருக்கு பேஸ் என்று பெயர். 1962-லிருந்து 1968 வரை சிங்கப்பூரில் ஒரு ராக் பேண்டில் நான் அதைத்தான் வாசித்தேன். கல்யாணமான புதிதில் உங்க ஆத்தாவிடம் ஒரு தடவை சொன்னதோடு சரி. பிள்ளைகள் யாருக்கும் சொன்னதில்லை.

1957-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி என் தகப்பனாரோடு, அதாவது உங்க ஐயாவோடு, சிங்கப்பூர் போனேன். மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில்தான் கடையும் குடியிருப்பும். நீ கிட்டங்கி பார்த்ததில்லை. நீளமான ஒரே கூடம். சுவரோரமாக வரிசையாக, ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது ஒவ்வொரு வட்டிக்கடைக்கும், ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். பகலில் அந்தப் பாயில் உட்கார்ந்துதான் கொடுக்கல் வாங்கல், ராத்திரி அதே இடத்தில் படுக்கை. பெண்பிள்ளை வாசனையே கிடையாது. நான் பகலில் பள்ளிக்கூடம் போய்வருவேன். சாயங்காலம் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து பேரேடு எழுதவும் ஐந்தொகை எடுக்கவும் பழகுவேன். வட்டிக் கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிற சத்தத்துக்கு நடுவிலேயே வளர்ந்தேன்.

1961 நவம்பரில் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவரோடு வாசித்த ஷாடோஸ் பேண்டும் கேலாங்கில் இருந்த ஹேப்பி வேர்ல்டு ஸ்டேடியத்துக்கு வந்தார்கள். என் வகுப்புப் பையன்கள் பாதிப் பேர் போனார்கள். டிக்கெட்டுக்கு உங்க ஐயாவிடம் காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஏறிப் போய் வெளியே சுவரோரமாக நின்றேன். என்னைப் போல இன்னும் நூறு பேர் நின்றிருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் பாட்டு சரியாகக் கேட்காது. மெட்டு வாசிக்கிற லீட் கிட்டார் ஏதோ கொசு மாதிரிக் கேட்டது. ஆனால் அடியில் ஒரு சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி முழுசாக வந்தது. கையைச் சுவரில் வைத்தால் உள்ளங்கையில் அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பையனிடம் அது என்ன என்று கேட்டேன். "பேஸ்" என்றான். அவனும் டிக்கெட் இல்லாதவன்தான். பின்னாளில் எங்கள் பேண்டின் லீட் கிட்டார் அவன்தான்.

முதலில் எனக்குக் கிடைத்த பேஸ் ஒரு தேயிலைப் பெட்டி. சிரிக்காதே, அந்தக் காலத்தில் நிறையப் பேர் அப்படித்தான் தொடங்கினார்கள். காலிப் பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் துளை போட்டு, கயிற்றை முடிச்சுப் போட்டு மேலே இழுக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையை ஒரு விளக்குமாற்றுக் கம்பின் உச்சியில் கட்டி, கம்பைப் பெட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொள்ள வேண்டும். கம்பைப் பின்னால் சாய்த்தால் கயிறு விறைத்துச் சுதி ஏறும். முன்னால் விட்டால் இறங்கும். சுதியைக் கண்ணால் பார்க்க முடியாது, கோடு கிடையாது, காதை மட்டும் நம்பித்தான் கம்பைச் சாய்க்க வேண்டும். ஆறு மாதம் அதில் வாசித்தேன். என் காதைப் பழக்கியது அந்தப் பெட்டிதான்.

அப்புறம் ஒரு பழைய ஜப்பான் பேஸ் 90 வெள்ளிக்கு, அதாவது 90 டாலருக்கு, கிடைத்தது. ஆம்ப்ளிஃபையருக்கு வழியில்லை. டிரம்ஸ் வாசித்த மலாய்ப் பையனின் வீட்டில் இருந்த வால்வு ரேடியோவின் பின்னால் வயரைச் சொருகி வாசித்தோம். கேலாங் சிராய் கம்பத்தில், மலாய்க்காரர்கள் கிராமத்தைக் கம்பம் என்பார்கள், தகரக் கூரை போட்ட மரவீடு. வால்வு சூடேறும்போது ரேடியோவிலிருந்து ஒரு புழுதி வாசனை வரும். கீழ்க் கம்பியை மீட்டினால் கூரைத் தகரம் கூடவே கிர்ரென்னும். அவன் அம்மா பிசாங் கோரேங் என்கிற வாழைப்பழ பஜ்ஜியைப் பொரித்துக்கொண்டே, "செட்டி, கூரை பறந்துவிடும், மெதுவாக" என்று மலாயில் சத்தம் போடுவார். பேண்டில் எல்லோருக்குமே நான் செட்டிதான். பாடகன் காத்தோங்கில் இருந்த யூரேஷியப் பையன், ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சம்.

அது பையன்கள் எல்லோருக்கும் கிட்டார் பைத்தியம் பிடித்திருந்த காலம். குவீன்ஸ்டவுன் தொழில்நுட்பப் பள்ளி மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய குவெஸ்ட்ஸ் என்ற பேண்ட் 1964-ல் ஒரு இசைத்தட்டு போட்டது. அது பீட்டில்ஸின் பாட்டைக் கீழே தள்ளிவிட்டு உள்ளூரில் முதலிடத்துக்குப் போனது. எங்கள் தெருப் பையன்களே ஜெயித்த மாதிரி இருந்தது எங்களுக்கு. மலாய்ப் பையன்கள் தங்கள் மொழியிலேயே பாட ஆரம்பித்தார்கள். பீட்டில்ஸ் "யே யே" என்று பாடியதை வைத்து அந்த இசைக்குப் பாப் யே யே என்றே பெயர் விழுந்துவிட்டது. 1965 பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்ட் பேட்மின்டன் அரங்கத்துக்கு வந்தபோது டிக்கெட் வாங்கி உள்ளேயே போனேன். கூட்டம் போட்ட கூச்சலில் பாதிப் பாட்டு காதில் விழவில்லை. சுவருக்கு வெளியே கேட்ட அளவுக்கு அன்று எனக்குக் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1964 ஜூலை 21. நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய கலவரம். மலாய்க்காரர்களும் சீனர்களும். 23 பேர் இறந்துபோனார்கள், நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காயம். ஊரடங்கு போட்டுவிட்டார்கள். சீனப் பையனால் கேலாங் சிராய்ப் பக்கம் தலைகாட்ட முடியாது. மலாய்ப் பையனால் சைனாடவுனுக்குள் வர முடியாது. நான் இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவன் இல்லை. ஊரடங்கு தளர்கிற நேரத்தில் நான்தான் போய்வந்தேன். உங்க ஐயாவுக்குத் தெரியாது.

முதல் தடவை கம்பத்துக்குப் போனபோது டிரம்ஸ்காரனின் அம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்து, நான் என்று தெரிந்ததும் உள்ளே இழுத்துக்கொண்டார். அந்தச் சீனப் பையன் எப்படி இருக்கிறான் என்றுதான் முதல் கேள்வி. மகனைப் பற்றிப் பேசுகிற மாதிரியே கேட்டார். கிளம்பும்போது செய்தித்தாளில் பிசாங் கோரேங்கைச் சுற்றி, இதை அவனிடம் கொடு என்றார். சைனாடவுனில் அவன் அப்பாவின் கடை பாதி அடைத்திருந்தது. கடைவாசல் நடைபாதையில் நின்றுகொண்டே தின்றான். ஆறிப்போய் எண்ணெய் கசிந்திருந்தது. ஒன்றுவிடாமல் தின்று முடித்தான். அப்புறம் அந்த எண்ணெய்க் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. செப்டம்பரில் மறுபடி கலவரம் வந்தது. மறுபடி நான் போய்வந்தேன். அந்த வருஷம் எங்கள் பேண்ட் உடையவில்லை அம்மா. இத்தனை வருஷத்தில் நான் செய்த காரியங்களில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

சாங்கி, செலேத்தார், செம்பவாங் என்று பிரிட்டிஷ் படைத்தளங்களில் சிப்பாய்களுக்கு வாசிப்போம். கூலி நன்றாகக் கிடைக்கும். செட்டி என்பதால் கணக்கு என் பொறுப்பு. ஒரு குறிப்புப் புத்தகத்தில் வரவு, பற்று, ஐந்தொகை எல்லாம் முறைப்படி எழுதினேன். என் பங்கிலிருந்து மகமை எடுத்து வைத்து டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் உண்டியலில் போட்டுவிடுவேன்.

அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே, ஃபோர்ட் கேனிங் குன்றின் அடியில் நேஷனல் தியேட்டர் என்று ஓர் அரங்கம் இருந்தது. ஊர்மக்கள் ஆளுக்கொரு வெள்ளி செங்கலுக்கென்று கொடுத்து 1963-ல் திறந்தது. இப்போது இல்லை, 1986-ல் இடித்துவிட்டார்கள். மேலே கூரை உண்டு, பக்கச் சுவர் கிடையாது. 1966-ல் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே நாலைந்து பேண்டுகளோடு எங்களுக்கும் இரண்டு பாட்டு கிடைத்தது. இரண்டாவது பாட்டு பாதியில் நிமிர்ந்து பார்க்கிறேன், ஓரத்தில் கூட்டத்துக்கு அப்பால் உங்க ஐயா நிற்கிறார். நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு, கையில் அர்ச்சனைத் தேங்காய் மூடி. கோயிலுக்கு வந்தவர் சத்தம் கேட்டு வந்திருக்கிறார். எனக்கு விரல் நின்றுபோயிருக்க வேண்டும். நிற்கவில்லை. டிரம்ஸ்காரன் பின்னால் அடித்துக்கொண்டே இருந்தான், அவனோடேயே போய்விட்டேன். பாட்டு முடிகிற வரைக்கும் ஐயா அங்கேயேதான் நின்றார்.

ராத்திரி கிட்டங்கியில் எல்லோரும் படுத்த பிறகு, "கையைக் காட்டு" என்றார். இடது கை விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். நாலும் காய்த்துப் போயிருந்தன.

"கணக்கு யார் வைத்துக்கொள்வது?"

"நான்தான்."

"கொண்டா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரிக்கேன் வெளிச்சத்தில் முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். "இந்த டாக்சிக் கூலியை வரவுப் பக்கம் எழுதியிருக்கிறாய்" என்றார். திருத்தினேன். "காலையில் ஆறு மணிக்குப் பெட்டியடியில் இருக்கணும். மத்தது உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

1968 ஜனவரியில், 1971 முடிவதற்குள் படைகளை விலக்கிக்கொள்வதாகப் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. தளங்களை நம்பிப் பிழைத்த பேண்டுகள் எல்லாம் ஆடிப்போயின. அதே சமயத்தில் ஊரிலிருந்து கடிதம் வந்தது, பெண் பார்த்தாகிவிட்டது, புறப்பட்டு வா என்று. நான் பேண்டில் என்ன சொன்னேன் தெரியுமா? "கல்யாணம் முடித்து இரண்டு மாதத்தில் வந்துவிடுவேன்" என்றேன். வரப்போவதில்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். பேஸை டிரம்ஸ்காரன் வீட்டில் விட்டேன், வரும்வரை பார்த்துக்கொள் என்று. மூன்று பேரும் துறைமுகத்துக்கு வந்து கையசைத்தார்கள்.

கல்யாணம் நடந்தது, கோயிலில் தனிக் குடும்பமாகப் பதிந்து புள்ளியானேன், காரைக்குடியில் கடை வைத்தேன். நாலு மாதம் கழித்து டிரம்ஸ்காரனிடமிருந்து ஏர்மெயில் வந்தது. உன் கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டிருக்கிறேன், எப்போது வருகிறாய் என்று இரண்டே வரி. பதில் எழுத உட்கார்ந்தேன். உண்மையை எழுத வெட்கமாக இருந்தது, பொய் எழுத மனசில்லை. அப்படியே விட்டேன். அந்தக் கடிதம் பெட்டகத்தில் இன்னும் இருக்கிறது. அவன் இருக்கிறானோ இல்லையோ.

நீ எட்டாவது படிக்கும்போது கீபோர்டு வேண்டும் என்று ஒரு வாரம் அழுதாய். படிப்பைப் பார் என்று சொல்லிவிட்டேன். உன் மேல் கோபத்தில் சொல்லவில்லை. வீட்டுக்குள் அந்தச் சத்தம் வந்தால் என்னால் தாங்க முடியாது என்று பயந்தேன். அது உன் தப்பே இல்லை. அப்போதே உன்னிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நம் வளவில் கல்யாணம் நடக்கும்போதெல்லாம் நாயனக்காரர் பக்கத்தில் ஒரே சுதியை விடாமல் பிடித்து ஒத்து ஊதுகிறவரையே நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து உங்க ஆத்தா கேலி செய்வாள். எல்லோரும் நாயனத்தைக் கேட்பார்கள், தவிலைக் கேட்பார்கள். ஒத்து ஒரு நிமிஷம் மூச்சு வாங்க நின்றால்தான் பந்தலே ஆட்டம் காண்கிற மாதிரி இருக்கும். உன் பிள்ளை ஆளுக்கு முன்னால் நிற்கிற கிட்டாரை எடுக்காமல் இதை எடுத்திருக்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் எடுத்திருக்கிறான். அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரீட்சை மாதத்தில் வாரத்துக்கு ஒரு நாள் போதும் என்று நீயே சொல், நியாயம் என்று அவனுக்கும் தெரியும். விரலில் கொப்புளம் வந்தால் ஊசியால் குத்த வேண்டாம் என்று சொல், தானாக அமுங்கிக் காய்த்துவிடும். வாசித்துச் சம்பாதித்தால் கணக்கு எழுதச் சொல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஷெட்டில் கூடும்போது எனக்கு போன் போடு. உள்ளே போக வேண்டாம், அவனுக்குக் கூச்சமாக இருக்கும். வெளியே சுவரோரமாக நின்று, உன் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார். போனையும் சுவரோடு ஒட்டி வை. நான் பட்டாலையில் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பச்சி