கிணற்றுக் கணக்கு

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.
தை 2025

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். நீயும் மருமகனும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன். பொங்கல் முடிந்து ஆறு நாளாகிறது. அம்மா மிளகாய்த்தூள் இடிப்பித்து, ஒடியலும் பினாட்டும் கட்டி வைத்துக்கொண்டு, கனடாவுக்குப் போகிற ஆராவது இருக்கினமோ என்று தெரிந்த வீடெல்லாம் விசாரிக்கிறா.

போன ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் நீ கேட்டதற்கு மறுமொழி சொல்லாமல் நான் கதையை மாற்றினேன். "அப்பா, நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க உங்களுக்கு வெளிநாட்டில வேலை வந்ததெண்டு அம்மா சொன்னவ. ஏன் போகேல்லை? அந்தக் கம்பஸில என்னத்தைக் கண்டனீங்கள்?" என்று கேட்டாய். 2006 இல் சண்டையால் தெற்கோடு எங்களை இணைக்கிற ஏ9 பாதை பூட்டினபோது பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் என்னோடு வரிசையில் நின்ற பிள்ளை நீ. கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை நடந்ததைப் பார்த்த பிறகு எழுதலாம் என்று தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை எங்கள் துறையின் ஆண்டு நிறைவுக் கூட்டம். துறைத்தலைவரென்று நான்தான் பேசவேண்டும். பல்கலைக்கழகத்துக்கு ஐம்பது வயது நிறைந்த கையோடு வந்த கூட்டம் என்பதால் பழசிலிருந்தே தொடங்கினேன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கட்டின பரமேசுவராக் கல்லூரி வளவில், பேராசிரியர் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு, 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கினதைச் சொன்னேன். விஞ்ஞானம் படிக்க வந்தவர்கள் முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார்கள். 1979 இல் தனிப் பல்கலைக்கழகம் ஆகியும் எங்கள் சனத்தின் வாயில் அது இன்றைக்கும் 'கம்பஸ்' தான். இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலும் விவசாயமும் தொழினுட்பமும் நடக்கின்றன. வவுனியாவில் எங்கள் வளாகமாக இருந்தது 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிப் போய்விட்டது. மூத்த பிள்ளையைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரர் மாதிரி எங்களுக்குச் சந்தோசமும் ஒரு வெறுமையும். பௌதிகத்துறை, நோர்வேயின் பேர்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சூரியக்கலங்களில் ஆய்வு செய்கிறது. இதெல்லாம் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஆனால் உனக்கு நான் எழுத வந்தது எங்கள் துறையின் பழைய கொப்பிகளைப் பற்றி.

எங்கள் குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழைதான் வருடம் முழுவதற்கும். அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத்தண்ணீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்துகொண்டு நிற்கிறது. நாங்கள் குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பது எல்லாம் அந்த மெல்லிய வில்லையைத்தான். கண்டபாட்டுக்கு இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் அதே வெடிப்பால்தான் இறங்குகின்றன. அவற்றால் தண்ணீரில் சேருகிற நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ருசியிலும் தெரியாது. அளந்தால்தான் தெரியும்.

அந்தத் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதென்று அளக்கத் தொடங்கினவர், 1982 இல் எங்கள் ஆய்வுகூடத்தில் உதவியாளராக வந்த ஓர் அண்ணர். உனக்கு அவரை ஞாபகம் இருக்கும், உரும்பிராய் அண்ணர். கோண்டாவில், உரும்பிராய், நீர்வேலி, புத்தூர் என்று இருபத்துநாலு கிணறுகளைத் தெரிந்தெடுத்து, மாதம் ஒருமுறை சைக்கிளில் போய் அளப்பார். நாடாவின் நுனியில் வெண்கட்டி பூசிக் கிணற்றுக்குள் இறக்குவது. நனைந்த இடத்தில் வெண்கட்டி நிறம் மாறும். கட்டின் விளிம்பிலிருந்து அது எவ்வளவு ஆழமென்று பார்த்துக் கொப்பியில் எழுதுவது. அவ்வளவுதான். ஆரும் அவருக்குக் கட்டளையிட்டுச் செய்த வேலையில்லை. 1991 இல் மாணவனாக வந்த நான் அவருக்குப் பின்னால் போய் நாடா பிடிக்கப் பழகினேன்.

அந்த நாட்களில் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. பேராசிரியர் துரைராசா துணைவேந்தர். களிமண் பாரம் தாங்கமாட்டாமல் எந்த நிலையில் இளகும் என்று கேம்பிரிட்ஜில் ரொஸ்கோவோடும் ஸ்கொஃபீல்டோடும் சேர்ந்து 1963 இல் அவர் எழுதின கட்டுரையை உலகத்து மண்பொறியியலாளர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். அந்த மனிதர் எங்களோடு இருந்தார். 1994 இல் காலமானார். குப்பிவிளக்கில் படித்த எங்களுக்கு அவர் இருந்ததே ஒரு பாடம். இதை நான் கூட்டத்திலும் சொன்னேன். சொல்லும்போது குரல் அடைத்தது.

1995 ஒக்டோபர் 30. நான் அப்போது தற்காலிக உதவி விரிவுரையாளர். சண்டை கிட்டி வந்து, யாழ்ப்பாண நகரமும் எங்கள் ஊர்களும் அடங்கின வலிகாமம் முழுவதையும் விட்டு வெளியேறச் சொல்லி அறிவித்த அன்று பின்னேரம், அண்ணர் ஆய்வுகூடத்துக்கு ஓடிவந்து பதின்மூன்று கொப்பியையும் ஓர் உரப்பையில் போட்டுக் கட்டி என் சைக்கிள் கரியரில் வைத்தார். அவருக்கு நாலு பிள்ளைகள், தூக்கிப்போக வேறு மூட்டைகள் இருந்தன. உன் அப்பம்மா ஒரு கையால் கரியரைப் பிடித்தபடி நடந்து வந்தா. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் நின்ற இடத்தில் அசையாமல் சனம். "என்ன தம்பி இந்த மூட்டை?" என்று கேட்டா. "கிணத்துக் கணக்கம்மா" என்றேன். "கிணறுகளையே விட்டிட்டுப் போறம், கணக்கு என்னத்துக்கு?" என்றா.

என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. விடியப்புறம் பாலம் கடந்தோம். பிறகு கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஏழு குடும்பம். அடுப்பு மூட்ட ஈரமில்லாத தாள் ஒரு துண்டு கிடைக்காத அந்த மாரியில், அந்த உரப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்தது அப்பம்மாதான். ஒருவரையும் தொட விடவில்லை.

மறு வருடம் சித்திரைக்குப் பிறகு சனம் திரும்பத் தொடங்கியது. ஆனி மாதம் அண்ணர் நாடாவை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். அவர் வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இந்த வருடம் எங்கள் மூன்றாம் வருடப் பிள்ளைகள் மூன்று பேர் அந்தக் கொப்பிகள் முழுவதையும் கணினியில் ஏற்றி முடித்தார்கள். ஒருவன் நெடுந்தீவு, அவன் வீட்டில் கம்பஸ் வாசல் மிதித்த முதல் ஆள். ஒரு பிள்ளை முல்லைத்தீவு. மற்றவன் குருநாகல் சிங்களப் பெடியன். இங்கே வந்துதான் தமிழ் பழகினான், இப்போது கன்ரீனில் ரீ கேட்கிற தொனி கூட எங்கள் ஆட்களின் தொனி. எட்டு மாதம் இருந்து ஏற்றினார்கள். அண்ணரின் கையெழுத்தை வாசிக்க எனக்கே சில இடங்களில் கண்ணாடி போதவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் குருநாகல் பெடியன் என் அறைக்கு வந்து, "சேர், ஏழு மாசம் இல்லை. பக்கம் கிழிஞ்சு போச்சோ?" என்று கேட்டான். நான் வாய் திறக்க முந்தி, பக்கத்தில் நின்ற முல்லைத்தீவுப் பிள்ளை சொன்னாள்: "கிழியேல்லை. அண்டைக்கு அளக்க ஊரில ஒருதரும் இல்லை." அவன் அவளைப் பார்த்தான். அவள் கொப்பியைப் பார்த்தாள். பிறகு அவன் இருந்து எல்லாவற்றையும் கேட்டான், நாங்கள் சொன்னோம். அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை.

வரைபு கீறும்போது கணினி தானாகவே 1995 ஐப்பசிப் புள்ளியையும் 1996 ஆனிப் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்துவிடுகிறது. இடையில் தண்ணீர் ஒழுங்காக இறங்கி வந்தது மாதிரி இருக்கும். "அதில கோடு வேண்டாம்" என்றாள் அவள். இரவிரவாக இருந்து அந்தக் கோட்டை நீக்கினது அவன். இப்போது இருபத்துநாலு வரைபிலும் அந்த இடம் வெள்ளையாக நிற்கிறது. கீழே மூன்று மொழியிலும் ஒரு குறிப்பு: '1995 கார்த்திகை முதல் 1996 வைகாசி வரை அளக்க ஆள் இருக்கவில்லை.' சிங்கள வரியை அவன் ஒருவரிடமும் கேளாமல் தானே எழுதினான்.

மாணவர் ஆய்வரங்கில் அவர்களுக்கு முதலிடம். கூட்டத்தில் பரிசு கொடுக்க அண்ணரைத்தான் கூப்பிட்டேன். எழுபத்தேழு வயது. வேட்டி சால்வையோடு, பேரன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்தான். திரையில் விழுந்த வரைபுக்குக் கிட்டப் போய் விரலால் தடவிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்று, "1991 மாசி, இது சரியில்லை. எனக்கு அண்டைக்குக் காய்ச்சல். வேற ஆள் போய் அளந்தவர்" என்றார். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. நெடுந்தீவுப் பெடியன் அந்த இடத்திலேயே குறித்துக்கொண்டான். துப்புரவு வேலை செய்கிற அக்காவும் வாசல் காவலாளி ஐயாவும் பின்வரிசையில் நின்று கை தட்டினதை நான் கண்டேன். அந்தக் கிணறுகளில் இரண்டு அவர்கள் வீடுகளில் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போன கார்த்திகை அடைமழையில் யாழ்ப்பாணம் வெள்ளக்காடு. உயர்தரப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். அதற்குப் பிறகு எலிக்காய்ச்சல். இந்தப் பிள்ளைகள் நீர்வேலிப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கிணறுகளுக்குக் குளோரின் போட உதவினார்கள். சனம் கிணற்றை ஒட்ட இறைக்க மோட்டாரைப் பூட்டிக்கொண்டு நின்றது. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் அப்படி அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறுகளில் உப்பு ஏறினதை இவர்கள் படித்திருந்தார்கள். எந்தக் கிணற்றில் எவ்வளவு இறைக்கலாம் என்று அண்ணரின் கணக்கைக் காட்டித் தோட்டக்காரருக்கு விளங்கப்படுத்தினார்கள். ஒரு கிழவர் கேட்டுவிட்டு மோட்டாரை நிற்பாட்டினார். அதைக் கேள்விப்பட்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை, பிள்ளை. பாலத்தடியில் அப்பம்மா கேட்டதற்கு அன்றைக்குத்தான் மறுமொழி கிடைத்தது. கேட்க அவ இல்லை.

நீ கேட்ட அந்த வேலைக் கடிதம் 2003 இல் வந்தது. அண்ணர் ஓய்வுபெறுகிற வருடம். கொப்பியை என் மேசையில் வைத்து, "இனி நீ பார்" என்றுவிட்டுப் போனார். நான் கடிதத்தை லாச்சிக்குள் வைத்தேன். அம்மாவிடம் சொன்னேன், உன்னிடம் கேட்கவில்லை. உனக்கு அப்போது ஐந்து வயது. போயிருந்தால் உன்னுடைய சின்ன வயது இலகுவாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். நீ பயந்த இரவுகளும் எனக்குத் தெரியும். அதற்கு நான் உனக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனாலும் திரும்ப அந்தக் கடிதம் வந்தால் நான் இதையேதான் செய்வேன் என்று உனக்குப் பொய் சொல்லாமல் எழுதுகிறேன்.

கூட்டம் முடிந்து ரீ குடிக்கும்போது முல்லைத்தீவுப் பிள்ளை ஒரு கொப்பியோடு வந்தாள். 2006 மார்கழி, பதினேழாம் இலக்கக் கிணறு, எங்கள் அப்பம்மா வீட்டுக் கிணறு. "சேர், இது ஆர் எழுதினது?" என்றாள். பென்சிலால், பெரிய பெரிய எழுத்தில், '8 அடி 4 அங்குலம்' என்றும் பக்கத்தில் 'தவளை நிக்குது' என்றும் இருந்தது. உனக்கு எட்டு வயது. நாடாவுக்கு நீதான் வெண்கட்டி பூசினாய். எட்டிப் பார்க்கிறாய் என்று நான் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்ர மகள்" என்றேன். கணினியிலும் குறிப்புப் பகுதியில் 'தவளை நிக்குது' என்று அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். எடுத்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரப் பாருங்கள். நேற்று நான் பதினேழாம் இலக்கத்தை அளந்தேன். 5 அடி 2 அங்குலம்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா